வலியைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேட்டு

புத்தக அலமாரி ஒன்றைத் தனியாக நகர்த்திய நாளில்தான் என் இடுப்பு வலி தொடங்கியது. அப்போது எனக்கு 38 வயது. சுளுக்குதான், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். அடுத்த 14 மாதங்களில் மூன்று மருத்துவர்கள், இரண்டு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள், முதுகில் ஓர் ஊசி, இடுப்பில் கட்டும் பெல்ட், கணக்கு வைக்க முடியாத அளவுக்கு வலி மாத்திரைகள் என எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. நெடுநாள் வலியுள்ள யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன்.

வலி சிகிச்சைப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர், ஸ்கேன் உறையைத் தொடுவதற்கு முன்னால் என்னை நடக்கவிட்டுப் பார்த்தார். குதிகாலிலும் நுனிக்காலிலும் நிற்கச் சொன்னார். படுக்கவைத்துக் கால்களை ஒவ்வொன்றாக உயர்த்தினார். முழங்காலில் சிறிய சுத்தியலால் தட்டினார். பாதத்தின் இரு பக்கமும் ஊசிமுனையால் தொட்டு, ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்டார். பிறகு அவர் சொன்ன பெயர், நாள்பட்ட முதன்மை வலி. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்து, வேறு எந்த நோயாலும் சரிவர விளக்க முடியாத வலியைத் தனி நோயாகவே கருதி, உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் சேர்த்திருக்கிறது. அந்தப் பதிப்பு நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில்தான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். “அப்படியென்றால் எல்லாம் என் மனப்பிரமை என்கிறீர்களா, டாக்டர்?” என்று கேட்டேன். அவர் நிதானமாக, “இல்லை அம்மா, உங்கள் வலி உண்மை. ஆனால் முதுகில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அந்த வலி இப்போது சரியாகச் சொல்லவில்லை. திருடன் வந்தால் குரைக்க வேண்டிய நாய், சருகு விழுந்தாலும் குரைக்கப் பழகிவிட்டது, அவ்வளவுதான்” என்றார். நாயை விரட்டிவிட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கத்தான் முடியும் என்றும் சொன்னார். தொடர்ந்து வரும் வலிச் செய்திகளால் தண்டுவடத்திலுள்ள நரம்பணுக்களே மிகையாகத் தூண்டப்படும் நிலைக்குப் போகக்கூடும் என்று கிளிஃபோர்ட் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1983இலேயே காட்டியிருக்கிறார் என்பதைப் பின்னால் படித்தபோது, அந்த நாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு ஓரளவு புரிந்தது.

ஸ்கேன் விஷயத்தையும் அன்றே பேசினோம். நான் மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறவள். ஒரு சொல் தவறாக விழுந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அறிக்கையில் இருந்த ‘ஜவ்வு பிதுக்கம்’, ‘சிதைவு மாற்றங்கள்’ என்ற சொற்களை 14 மாதங்களாக உடைந்த பாத்திரத்தைச் சுமப்பதுபோல் சுமந்துகொண்டிருந்தேன். கீழே விழுந்த பென்சிலைக்கூடக் குனிந்து எடுக்க மாட்டேன். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும், 40 வயதினரில் 50 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் ஜவ்வுப் பிதுக்கம் இருந்தது என்று மருத்துவர் சொன்னார். என் வயதில் வலியே தெரியாமல் நடமாடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் முதுகும் என் முதுகைப் போலத்தான் இருக்கிறது. அன்று வீடு திரும்பிய பிறகு பென்சிலை வேண்டுமென்றே கீழே போட்டு, குனிந்து எடுத்துப் பார்த்தேன். வலித்தது, ஆனால் எதுவும் உடையவில்லை.

ஒவ்வொரு முறையும் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அந்த எண் கடைசிவரை கைவரவில்லை. நம் மொழியில் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, மதமதப்பு என்று வலிக்கு இத்தனை சொற்கள் இருக்கும்போது, எல்லாவற்றையும் ‘ஆறு’ என்ற ஒரே எண்ணில் எப்படி அடைப்பது? கடைசியில் குறிப்பேட்டில் எண்ணோடு சொல்லையும் எழுதத் தொடங்கினேன். அதனால் ஒரு பயன் கிடைத்தது: காலையில் வருவது எப்போதும் இறுக்கம், மாலையில் வருவது எப்போதும் உளைச்சல். உளைச்சல் என்ற சொல்லை இப்போது மனத்துக்கு ஒதுக்கிவிட்டோம், ஆனால் கை கால் உளைச்சல் என்று உடம்புக்கும் சொல்வது பழைய வழக்கம்தான். வலி என்பது புலன் சார்ந்ததும் உணர்ச்சி சார்ந்ததுமான அனுபவம் என்று உலக வலி ஆய்வுச் சங்கம் வரையறுப்பதை இந்தச் சொல் எவ்வளவோ காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

உண்மையான மாற்றம் பிசியோதெரபிஸ்டிடமிருந்து வந்தது. மூன்று வாரக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தவர், பென்சிலால் நான்கு நாட்களை வட்டமிட்டார். அவை என் மிக மோசமான நாட்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாளை வட்டமிட்டார். நான்கில் மூன்று, வலி குறைவாக இருந்த நல்ல நாட்கள். வலி குறைந்த அன்று நிலுவையிலுள்ள துணி, பாத்திரம், ஐம்பது பக்க மெய்ப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடந்திருக்கிறேன். வலி இருந்தால் ஓய்வு, இல்லாவிட்டால் வேலை என்று வலியின் கையில் நாளை ஒப்படைத்திருந்தேன். நேரத்தின்படி வேலை, நேரத்தின்படி ஓய்வு என்ற முறைக்கு மாறுவோம் என்றார் அவர். வலியைக் காட்டி ஓய்வு பெறுவது வலியையே வலுப்படுத்தும் என்ற கருத்தை 1970களில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் முன்வைத்ததிலிருந்து வந்த முறை இது.

முதல் மூன்று நாட்கள் அளவெடுப்பு மட்டும்தான். வலி கூடத் தொடங்கும்வரை உட்கார்ந்திருக்க முடிந்தது 26, 18, 22 நிமிடங்கள். நடக்க முடிந்தது 9, 6, 9 நிமிடங்கள். சராசரியில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்து, உட்கார 17 நிமிடம், நடக்க 6 நிமிடம் என்று வைத்தோம். ஆறு நிமிட நடை என்பது எனக்குப் பெரிய அவமானமாகத் தோன்றியது. ஆனால் மோசமான நாளில் அந்த ஆறு நிமிடம் நடப்பதைவிட, நல்ல நாளில் ஆறாவது நிமிடத்தில் நிற்பதுதான் கடினம் என்பதைச் செய்துபார்த்தால்தான் தெரியும். கால் இன்னும் போ என்கிறது, கைபேசியில் மணி அடிக்கிறது, நான் வழியில் நின்றுகொண்டு அந்த மணியைத் திட்டுகிறேன். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மணியை அணைத்துவிட்டு 25 நிமிடம் நடந்தேன். அதற்கான விலையை மூன்று நாள் கொடுத்தேன். அதன்பின் அணைக்கவில்லை. வாரம் ஒழுங்காகப் போனால் நடையில் ஒரு நிமிடமும் உட்காருவதில் இரண்டு நிமிடமும் கூட்டுவோம். போகாவிட்டால் அதே அளவில் இன்னொரு வாரம்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவில் சாப்பிட அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார்கள். தாளில் மனச்சோர்வுக்கான மருந்து என்று பார்த்ததும் மறுபடியும் அதே கோபம். மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகளிலும் இது வேலை செய்கிறது, தூக்கத்துக்கும் உதவும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம் என்று விளக்கினார்கள். வாய் உலர்ந்தது, முதல் வாரம் காலையில் தலை கனத்தது, பிறகு பழகியது. தூக்கம் முக்கியம் என்பதை நான் அலட்சியப்படுத்தியிருந்தேன். ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் தொடர்ந்து கலைத்தால் ஆரோக்கியமானவர்களுக்கே தசைவலி வருகிறது என்று ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழு 1975இல் கண்டறிந்திருக்கிறது. நான் விழுங்கிவந்த வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன கணக்குப்படி குறைத்து நிறுத்தினேன். முதன்மை வலிக்குப் பாராசிட்டமால், இபுப்ரூஃபன் போன்றவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று 2021இல் வெளியான பிரிட்டிஷ் வழிகாட்டுதலும் சொல்கிறது. இது என் மருத்துவர் எனக்குச் செய்தது. மாத்திரையை யாரும் தாமாக நிறுத்த வேண்டாம்.

வீட்டில்தான் எதிர்பாராத சிக்கல். என் கணவர் நல்ல மனிதர், அதனாலேயே ஒரு நாளைக்குப் பத்து முறை “வலிக்கிறதா?” என்று கேட்பார், நான் கைவைப்பதற்கு முன்பே வாளியைத் தூக்கிவிடுவார். ஒவ்வொரு கேள்விக்கும் நான் உள்ளே திரும்பி வலியைத் தேடிப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தேடினால் அது எப்போதும் கிடைக்கும். உளவியல் ஆலோசகரின் மூன்றாவது அமர்வுக்கு அவரையும் அழைத்துச் சென்றேன். உதவி வேண்டுமானால் நான் கேட்பேன், நீங்கள் கேட்க வேண்டாம் என்று முடிவானது. முதல் வாரம் அவர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டதைப் பார்க்கப் பாவமாகவும் சிரிப்பாகவும் இருந்தது.

வலி திடீரென்று ஏறும் நாட்கள் இப்போதும் வருகின்றன. அதற்கென்று நல்ல நாளில் எழுதிய தாள் ஒன்று அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது: அளவைப் பாதியாக்கு, முழுவதும் நிறுத்தாதே, வெந்நீர்ப் பை, மெதுவான மூச்சு, மூன்று நாள் கழித்துப் பழைய அளவுக்குத் திரும்பு. அதன் அடியில் சிவப்பு மையில், கால் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே மருத்துவமனை என்று எழுதியிருக்கிறேன். இவை பழைய வலியின் கணக்கில் வராதவை.

இந்த முறை தொடங்கி இரண்டு ஆண்டுகள் முடிந்து, போன மாதம் மருத்துவரைப் பார்த்தேன். எண் என்ன என்று கேட்டார். அவரை முதன்முதலாகப் பார்த்த நாளில் ஆறு சொல்லியிருந்தேன், இப்போது ஐந்து என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டு, பக்கத்துக் கட்டத்தில் உட்காரும் நேரம் 45 நிமிடம், நடை 35 நிமிடம், பெல்ட் இல்லை, வேலை முழுநேரம் என்று நிரப்பினார். மாதம் ஒரு முறை இருந்த சந்திப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று மாற்றிவிட்டு, அடுத்தவரை அழைத்தார்.