ஈசிஎம் பிழைத்தது, ஐந்து வோல்ட் சிக்கியது

என் காரின் ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் டப்பா) போய்விட்டது என்றார் மெக்கானிக். போகவில்லை. நன்றாகவே இருக்கிறது. இதை நிரூபிக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று சொல்லப்பட்ட புது டப்பா தேவைப்படவே இல்லை.

வண்டி பழைய சின்ன பெட்ரோல் கார். நாங்குநேரி வரைக்கும் நாலுவழிச் சாலையில் ஓட்டினால் ஒரு தொந்தரவும் கிடையாது. திருநெல்வேலி வண்ணார்பேட்டை நெரிசலுக்குள் வந்து ஊர்ந்தால் பொசுக்கென்று நின்றுவிடும். செல்ஃப் நன்றாக அடிக்கும், ஸ்டார்ட் ஆகாது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரியாது, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரும் ஈசிஎம்மைப் பிடிக்காது. கொஞ்ச நேரம் பானட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். "சூடு ஏறினா உள்ள சால்டர் விட்டுருது அண்ணாச்சி, ஈசிஎம்ம மாத்திருங்க" என்றார் மெக்கானிக். சால்டர் என்றால் ஈயப் பற்று. எலி கடித்திருக்கும் என்றது மீதி ஊர். மெக்கானிக் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சூட்டில் சாகும் ஈசிஎம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

நல்ல வேளையாகப் போன வாரம் வண்டி மொத்தமாகப் படுத்துவிட்டது. வந்து வந்து போகிற கோளாறை எவனாலும் பிடிக்க முடியாது. செத்துக் கிடந்தால்தான் மீட்டர் வைக்க முடியும்.

மெயின் ரிலே, ஃபியூஸ், பேட்டரி கரண்ட், இக்னிஷன் கரண்ட் எல்லாம் ஈசிஎம் கப்ளர் (வயர்களை ஈசிஎம்மில் மாட்டும் செருகி) வரைக்கும் சரியாக வருகின்றன. வெறும் மீட்டரை நம்பாமல் 21 வாட் பல்பைப் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. எர்த்தும் (வண்டி பாடியோடு சேரும் மைனஸ் பக்கம்) பல்பு போட்டுப் பார்த்ததில் சுத்தம். அடுத்து சென்சார்களுக்குப் போகும் ஐந்து வோல்ட். மேப் சென்சார் (இன்ஜின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) கப்ளரில் 5 வர வேண்டிய இடத்தில் 0.3. த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டருக்குத் திறக்கும் காற்று வால்வு) சென்சாரிலும் அதே 0.3. செக் லைட் ஏன் எரியவில்லை என்பது அங்கேயே புரிந்துவிட்டது. இந்த ஐந்து வோல்ட் எங்காவது எர்த்தில் தட்டினால் சில ஈசிஎம்கள் மொத்தமாக ஊமையாகிவிடும். ஆள் போய்விட்டான் என்று தோன்றும், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பான்.

இந்த லைனில் இருக்கிற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மேப், த்ராட்டில், அப்புறம் பலரும் மறந்துவிடும் ஏசி கேஸ் பிரஷர் சென்சார். எதைக் கழற்றியும் 0.3 அசையவில்லை. அப்படியானால் தட்டுவது வயரில், இல்லையென்றால் ஈசிஎம்முக்குள்ளேயே. இரண்டில் எது என்று தெரிய நான் எடுத்த வழி, ஈசிஎம் கப்ளரிலிருந்து அந்த ஒரு பின்னை மட்டும் உருவிவிட்டு ஈசிஎம் பக்கம் வோல்ட் வருகிறதா என்று பார்ப்பதுதான். வயரை வெட்டிப் பார்க்கலாம் என்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இந்தப் பின் உருவுகிற வேலைதான் உயிரை வாங்கியது. கப்ளர் முகத்தில் ஊதா நிறத்தில் ஒரு பூட்டுத் தகடு இருக்கும். அதை முழுதாக இழுக்கக் கூடாது. முதல் 'டிக்' சத்தத்தோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பின்னையும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாக்கு கவ்விப் பிடித்திருக்கிறது, நகத்தின் ஓரம் அளவுக்குக் கூட இருக்காது. ஊக்கு வளைகிறது, தையல் ஊசி நாக்கைக் குத்திக் கிழிக்கிறது. கடைசியில் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, அரிவாள் தீட்டும் கல்லில் தேய்த்து, அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். ஓரத்தை மழுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் வெட்டும். அதற்கப்புறமும் சவம் வர மாட்டேன் என்றது. சூட்சுமம் இதுதான்: வயரைப் பின்பக்கத்திலிருந்து முதலில் உள்ளே தள்ள வேண்டும். நாக்கின் மேலிருக்கும் அழுத்தம் அப்போதுதான் விடும். தள்ளியபடியே கம்பியால் நாக்கைத் தூக்கி, பிறகு இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் நாக்கு மடங்கும். மடங்கிய நாக்கு பின்னை மறுபடி பிடிக்காது, கப்ளரை மாட்டும்போது பின் பின்னாலேயே போய்விடும். வந்தது பாருங்கள், சாம்பல் நிறத்தில் சிவப்புக் கோடு போட்ட அந்த வயர், வழுக்கிக்கொண்டு!

கப்ளரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். செக் லைட் எரிந்தது. ஸ்கேனர் உடனே பேசியது, சென்சார்களைக் காணோம் என்று எரர் கோடுகளாகக் கொட்டியது. அந்த எரர்களைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, உருவிய வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டரை பஸ்ஸரில் வைத்தேன், இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் கத்தும். கத்திக்கொண்டே இருந்தது. ஹார்னஸை (வயர்க் கட்டை) ஈசிஎம்மில் தொடங்கி சாண் சாணாக அசைத்துக்கொண்டு போனதில், ரேடியேட்டர் ஃபேன் கூட்டுக்குப் பக்கத்தில் கை வைத்ததும் சத்தம் நின்றது. ஏசி பிரஷர் சென்சாருக்குப் போகும் கிளை, ஃபேன் தாங்கும் தகட்டின் விளிம்பில் உரசி, தோல் தேய்ந்து, செம்பு தெரிந்தது. நெரிசலில் மட்டும் நின்றதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஊரும்போதுதான் ஃபேன் சுற்றும், அதிரும், வயர் தகட்டில் தட்டும். ஈசிஎம் ஊமையானதும் ஃபேன் ரிலேயும் விழும், அதிர்வு நிற்கும், பானட்டைத் திறக்கிற கையசைவில் வயர் விலகும். சூட்டுக்கு இதில் பங்கே இல்லை.

இப்போதைக்கு அந்த இடத்தில் ஸ்லீவ் போட்டு, தகட்டின் விளிம்பில் ரப்பர் பட்டை செருகி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முழு வேலை பாக்கி. அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புது வயர் கிரிம்ப் செய்ய (சின்ன உலோகக் குழாயில் நசுக்கி இணைக்க) வேண்டும். சால்டர் வைக்க மாட்டேன். அதிர்கிற இடத்தில் சால்டர் முடிகிற ஓரத்தில்தான் வயர் முறியும். சுற்றுவதற்குத் துணி டேப்தான். சாதா கறுப்பு டேப்பின் பசை நம் அக்னி நட்சத்திரத்துக்கு உருகிக் கையெல்லாம் பிசுபிசுக்கும். கடைகளில் துணி டேப் கேட்டால் கைக்குக் கட்டுப் போடுகிற பிளாஸ்திரியை எடுத்து நீட்டுகிறார்கள். சென்னை புதுப்பேட்டைக்குப் போகிற தம்பி ஒருவனிடம் டேப்பும், கழித்துப்போட்ட ஹார்னஸிலிருந்து அதே கப்ளர் ஒன்றும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

இதே மாடல் ஈசிஎம் பழசாகக் கிடைத்தால் அதையும் எடுத்துவரச் சொன்னேன். வண்டியில் மாட்ட இல்லை. இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பின் ரகசியக் கோடு பொருந்தாமல் ஸ்டார்ட் ஆகாது. மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுத்து, எட்டுக் கால் மெமரி சிப்பைப் படித்துப் பார்க்கிற ஆசை. கப்ளருக்கான 0.64 மி.மீ. பின்கள் பாளையங்கோட்டைப் பக்கம் எங்கே சில்லறையாகக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.