புத்தகப் பை முதலில் போனது

2025 ஜனவரி 19, ஞாயிறு

முறிகண்டிக்குப் போய் வந்தோம். யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 வீதியால் போகிற சனம் இறங்கிக் கற்பூரம் கொளுத்தாமல் தாண்டாத பிள்ளையார். எங்கள் வீட்டில் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு: முதலாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை தன் கையால் அங்கே ஒரு தேங்காய் உடைக்கவேணும்.

மூத்தவன் இரண்டு கையாலும் தூக்கிப் போட்டான். தேங்காய் உடையவில்லை. உருண்டுபோய் ஒரு லொறிக்காரரின் காலடியில் நின்றது. அவர் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்து, "தம்பி, கொஞ்சம் கோவத்தோட அடிக்கோணும்" என்றார். அடுத்த அடியில் இரண்டாய்ப் பிளந்தது.

கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் முறிகண்டியை விட்டு வந்தால் போன கணக்கில்லை. ஒரு கடதாசிச் சரை மட்டும் சாமியறையில் இருக்கிறது. முதல் நாள் பள்ளிக்கூடப் பாக்குக்குள் (பைக்குள்) போகவேண்டியது அது.

இவன் பிறந்தது பெப்ரவரி 4. முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31க்குள் 5 வயது முடிந்திருக்கவேணும் என்ற கணக்கில் போன வருசம் நாலு நாளால் தவறிவிட்டது. நேர்சரியில் இன்னொரு வருசம் இருந்தான். "நான்தான் வகுப்பில உயரம்" என்று இப்போதே சொல்லித் திரிகிறான்.

ஜனவரி 26, ஞாயிறு

பாடப்புத்தகம் 1980 தொடக்கம் அரசாங்கம் தருகிறது, சீருடைத் துணி 1993 தொடக்கம். மிச்சம் எங்கள் தலையில். கிளிநொச்சியில் சப்பாத்து, பாக், தண்ணிப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி வாங்கினோம். வெட்டு மெசினுக்கு என்று எடுத்துவைத்த காசில் பாதி போய்விட்டது. "இலவசக் கல்வி" என்று இவர் பில்லைப் பார்த்துச் சிரித்தார். வயல் விளைந்து நிற்கிறது, மெசின்காரன் இன்னும் நாள் சொல்லவில்லை.

பென்சில் மூத்தவன் தானே தெரிந்தது. டைனோசர் படம் போட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

அம்மா இண்டைக்குத்தான் கலண்டரைப் பார்த்தா.

"வியாழக்கிழமையோ? அமாவாசைக்கு அடுத்த நாள், பிரதமை. ஆறிலயிருந்து ஏழரை மட்டும் எமகண்டம். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குது. பிள்ளை எப்ப வெளிக்கிடுறது?"

"அம்மா, நாடு முழுக்க முதலாம் வகுப்புப் பிள்ளையள் அண்டைக்குத்தான் போகினம்."

"நாள் வச்சவையின்ர வீட்டில கலண்டர் இல்லையோ?"

எனக்குச் சிரிப்பு. "என்னை எத்தினை மணிக்குக் கொண்டுபோய் விட்டனீங்கள்?" என்று கேட்டேன். அது 1996 தை. முந்தின ஒக்டோபர் 30இல் சண்டையால் தொடங்கின இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்துச் சனம் இங்கே வந்து நிறைந்திருந்த நேரம். எங்கள் பள்ளிக்கூடம் இரண்டு நேரமாக நடந்தது, எனக்குப் பின்னேரப் பள்ளி. புளியமரத்துக்குக் கீழே, மண்ணில். ஒரு புளியம்பழம் ரீச்சரின் தலையில் விழுந்தது மட்டும் வடிவாக ஞாபகம் இருக்கிறது.

அம்மா மறுமொழி சொல்லவில்லை. கலண்டர் தாளை மடித்து விட்டு, அரிசி புடைக்கப் போய்விட்டா.

ஜனவரி 29, புதன், இரவு

அமாவாசை. அப்பாவுக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, மூன்று மணிக்குத்தான் நான் சாப்பிட்டேன்.

பிறகு பென்சில் பிரச்சினை. எங்கள் வீட்டில் முதல் நாள் பென்சிலை இரண்டாக முறிப்பது வழக்கம். இதை எந்தச் சாத்திரத்திலும் தேடவேண்டாம், அப்பா தொடக்கினது. 1998 தையில் தம்பி முதலாம் வகுப்புக்குப் போகும்போது நாங்கள் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். வீட்டில் இருந்தது என்னுடைய ஒரு பென்சில். அப்பா ஜாம் போத்தல் விளக்கடியில் இருந்து, கத்தி நுனியால் நடுவைச் சுற்றிச் சுற்றிக் கீறினார். அவசரப்படவில்லை. கரி தெரிந்ததும் இரண்டு பெருவிரலாலும் அமத்தினார், 'டிக்' என்று ஒரு சத்தம். அழிறப்பர் உள்ள பாதி தம்பிக்கு. "அவன்தான் பிழை விடுவான்" என்றார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கும் பிழை வரும் என்று சொல்ல வாய் வரவில்லை.

தம்பி இப்போது பிரான்சில். போன செப்டெம்பரில் தன் மகளின் பென்சிலையும் முறித்திருக்கிறான். பெட்டி நிறையப் பென்சில் இருக்க ஏன் இதை முறித்தாய் என்று பிள்ளை அழுதாளாம்.

எங்கள் வீட்டிலும் அதே கதை. டைனோசரை முறிக்க விடமாட்டேன் என்று மூத்தவன் ஒரே பிடி. இவர் சமாதானத்துக்கு வந்து, வால் பக்கம் உனக்கு, தலைப் பக்கம் தங்கச்சிக்கு என்றார். அது இன்னும் மோசமாகப் போனது. கடைசியில் தலை அவனுக்கு, அழிறப்பர் உள்ள வால் சின்னவளுக்கு. அவளுக்கு மூன்று வயது. எழுதத் தெரியாது, அழிக்கத் தொடங்கிவிட்டாள்.

எமகண்டத்துக்கும் அம்மா வழி கண்டுபிடித்துவிட்டா. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 30, வியாழன்

நாலரைக்கே அம்மா எழும்பி நிறைகுடம் வைத்து விளக்கேற்றியிருந்தா. ஐந்து நாற்பதுக்கு பாக்கைத் தூக்கித் தோளில் கொழுவிக்கொண்டு, இருட்டுக்குள் ரோர்ச் அடித்தபடி பக்கத்து வீட்டுக்குப் போனா. அறுபத்தெட்டு வயது, முதுகில் நீலப் பாக். பின்னால் நின்று பார்த்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான்.

கணக்கு இதுதான்: ஆறுக்கு முதல் பாக் படலை தாண்டிவிட்டால் பயணம் தொடங்கியாயிற்று. பிறகு பிள்ளை எத்தனை மணிக்குப் போனாலும் அது போய்க்கொண்டிருக்கிற பயணம். பக்கத்து வீட்டு மாமி பாக்கைக் கதிரையில் இருத்தி, "தேத்தண்ணி குடிக்குமோ?" என்று கேட்டாவாம்.

ஏழுக்கு மூத்தவன் அம்மாவின் காலில் விழுந்தான். வெற்றிலைக்குள் வைத்து நூறு ரூபா கொடுத்தா. மாமி வீட்டில் பாக்கை எடுத்துக்கொண்டு போனோம். இவருக்கு மெசின் வந்து நிற்கிறது. சாரத்தோடும் தலை நிறைய நெல்லுத் தூசியோடும் பள்ளிக்கூடப் படலை மட்டும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு ஓடினார்.

கால்கோள் விழா, முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வரவேற்கிற விழா. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கடதாசி மாலை போட்டு, கைபிடித்துக் கூட்டிப்போவார்கள். எங்கள் ஆளுக்கு வந்த பிள்ளை அவனின் தோளுக்குத்தான் வரும். எட்டி எட்டிப் பார்த்தாள். இவன் பெரிய மனுசன்போலக் குனிந்து கழுத்தைக் கொடுத்தான். பேச்சுகள் நீண்டன. மூன்றாவது பேச்சுக்கு நடுவில் 'படக், படக்' என்று சத்தம். பார்த்தால், முறிகண்டிக் கச்சானை உடைத்து பக்கத்தில் இருந்த நாலு பேருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறான். கோது முழுக்க ரீச்சரின் கதிரைக்குக் கீழே.

பத்தரைக்கு விட்டார்கள். பென்சிலை வெளியில் எடுக்கவே இல்லையாம்.

ஜனவரி 31, வெள்ளி

காலையில் எழுப்பினேன். போர்வைக்குள் இருந்து தலையை நீட்டி, "நேற்றுப் போட்டு வந்தனான்தானே, இண்டைக்கும் போகோணுமோ?" என்று கேட்டான்.

இரண்டாம் நாளுக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கமும் கிடையாது. அம்மா கலண்டரைப் பார்த்து, "காலமை ஒரு பிழையும் இல்லை, நல்ல நேரம்" என்றா. இழுத்துக்கொண்டு போனேன்.