ஒன்று புள்ளி ஆறா, இரண்டா?

"ரெண்டு ஆம்பியர் ஃபியூஸ் போட்டா என்ன தம்பி ஆயிடும்? உங்க கணக்குப்படியே சரியாத்தானே வருது?"

புரொடக்ஷன் மேனேஜர் கேட்டதில் தப்பில்லை. அதுதான் உறுத்துகிறது.

எங்கள் பவர் சப்ளை முழு லோடில் 1.4 ஆம்பியர் இழுக்கும். பாதுகாப்புச் சோதனை லேபில் பாஸானது ஐஇசி 60127 என்ற சர்வதேசத் தரப்படி செய்த 1.6 ஆம்பியர் டைம்-லேக் (சட்டென்று அறுந்துவிடாத) ஃபியூஸோடு. அது கிடைக்கவில்லை என்று பர்ச்சேஸில் யுஎல் 248-14 என்ற அமெரிக்கத் தரப்படி செய்த 1.6-ஐ வாங்கிவிட்டார்கள். அதே 5×20 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாய், பார்த்தால் ஒன்றுதான். ஆனால் ஐஇசி ஃபியூஸ் ஒன்றரை மடங்கு கரண்டை ஒரு மணி நேரமாவது தாங்கியாக வேண்டும். யுஎல் ஃபியூஸோ 135 சதவீதத்திலேயே ஒரு மணி நேரத்துக்குள் அறுந்துவிட வேண்டும். அதனால்தான் அதை 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பார்கள். 1.6-க்கு அது 1.2. கஸ்டமர் இடங்களில் ஃபியூஸ் போக ஆரம்பித்தது.

சரியான சரக்கு வரும்வரை யுஎல் 2 ஆம்பியரை அனுப்பலாம் என்பது அவர் யோசனை. அதில் 75 சதவீதம் 1.5, எங்கள் லோடு அடங்கிவிடும். 2.7-ல் ஒரு மணிக்குள் அறுந்துவிடும். லேப் ஒப்புக்கொண்ட ஐஇசி 1.6-ம் 2.4-ஐ ஒரு மணி நேரம் விடுகிறதுதானே? கிட்டத்தட்ட ஒரே ஃபியூஸ்தான்.

"லேப் ரிப்போர்ட்ல 1.6 சார். கையெழுத்துப் போட முடியாது."

"லேபிள்லயும் 1.6-னுதானே இருக்கு? அது அப்படியே இருக்கட்டுமே."

"லேபிளை யாரு சார் படிக்கிறா? அறுந்த ஃபியூஸ் மூடியில என்ன இருக்கோ அதைத்தான் வாங்கிப் போடுவாங்க."

நாளைக்கு ஒருவர் ஐஇசி 2-ஐப் போட்டால் 3 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடும். ஓவர்லோடு சோதனையில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் கிளாஸ் பி (வெப்பம் தாங்கும் தரம்) வைண்டிங்குக்கு வரம்பு 175 டிகிரி. 1.6-லேயே நாங்கள் மயிரிழையில்தான் தப்பித்தோம். இந்தப் பயம் பொய்யில்லை.

ஆனால் சரக்கு வருவதற்குள் ஒரு யூனிட் திரும்பி வந்தது. ஃபியூஸின் இரண்டு மூடிகளையும் சேர்த்து, ஃபியூஸ் அறுந்தாலும் கரண்ட் ஓடும்படி, வயரிலிருந்து உரித்த செம்பு இழை சுற்றியிருந்தது. ஒரு மூடியின் ஓரம் கறுத்திருந்தது. வைண்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். கம்பி சுற்றியது நானில்லை. அந்த 2 ஆம்பியரை அனுப்பியிருந்தால் யாரும் சுற்றியிருக்கவும் மாட்டார்கள். அப்புறம், ஏதாவது எரிந்து பெட்டியைத் திறந்தால் ரிப்போர்ட்டில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று வந்து நின்றிருக்குமே, அதற்கு யார் பதில் சொல்வது?

இப்போது பார்ட் லிஸ்டில் ஆம்பியருக்குப் பக்கத்திலேயே ஐஇசி 60127 என்று போட்டாகிவிட்டது. மேனேஜர் மட்டும் இன்னும், "உங்க கையெழுத்து பத்திரமா இருந்துச்சு தம்பி" என்கிறார். அது நியாயமில்லை. டிரான்ஸ்ஃபார்மரை நினைத்துத்தான் மறுத்தேன். பெரும்பாலும்.