அத்தையின் இரண்டு நோட்டுகள்

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் அத்தை பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்றார். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் மாமா நிற்க முடியாமல் அத்தையை நிறுத்தினார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், ஆனால் மகளிர் குழுவில் பத்து வருஷம் கணக்கு எழுதியவர் அவர், யார் வீட்டில் எத்தனை தவணை பாக்கி, யாருக்கு என்ன கஷ்டம் என்று விரல் நுனியில் வைத்திருப்பவர். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். லீவு போட்டுவிட்டு அவரோடு பிரசாரத்துக்குப் போனேன். நாற்பது பேரை வைத்து வேலை வாங்குவது பற்றி எனக்கு இன்று ஏதாவது தெரியும் என்றால் அதில் பாதி அந்தப் பத்து நாளில் வந்தது.

முதல் இரண்டு நாள் வாக்காளர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு வீடு வீடாகக் குறித்தோம். இது விழும், இது விழாது, இது இழுபறி. விழாது என்று தெரிந்த வீடுகளை விட்டுவிட்டால் நேரம் மிச்சம் என்றேன். "போகாத வீடு எப்படிப்பா விழும்?" என்று கேட்டுவிட்டு அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கீழத் தெரு. ஒரு பாட்டி வாசலில் முறத்தை வைத்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நோட்டீஸை நீட்டினேன், அவர் கையை எடுக்கவே இல்லை.

"உங்க தெருவுல தண்ணி வருது. எங்க குழாயில காத்துதான் வருது. இப்பத்தான் இந்தத் தெரு கண்ணுக்குத் தெரிஞ்சுதா தாயி?"

எங்களோடு வந்த பையன்களுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. 2016 அக்டோபரில் பழைய தலைவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று வருஷத்துக்கும் மேல் தேர்தலே நடக்கவில்லை, அரசு போட்ட தனி அலுவலர்தான் பார்த்துக்கொண்டார், இதில் அத்தை என்ன செய்ய முடியும் என்று சொல்ல வாயெடுத்தார்கள். அத்தை அவர்களைக் கையமர்த்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். முறத்தைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து அவரும் கல் பொறுக்க ஆரம்பித்தார். என்ன கிழமை வருகிறது, எத்தனை குடம் பிடிக்க முடிகிறது, எந்த வீட்டோடு நின்றுபோகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் பையிலிருந்து கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் கதவு எண், பெயர், விஷயம் என்று எழுதினார். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு வாக்குறுதிகூடக் கொடுக்கவில்லை. "சின்னம் குடுத்ததும் மறுபடி வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பூட்டுச் சாவி சின்னம் கிடைத்த மறுநாள் முதலில் போனது அந்த வீட்டுக்குத்தான்.

கம்பெனியில் நான் சொன்னால் லைன் கேட்கும். கேட்காவிட்டால் சம்பளத்தில் கை வைக்கலாம், ஷிப்டு மாற்றலாம், ஏதோ ஒரு பிடி இருக்கிறது. ஓட்டுக் கேட்டுப் போகிறவரிடம் அப்படி ஒரு பிடியும் கிடையாது. வாசலில் நிற்பவர் முகத்தில் அடித்தாற்போல் பேசினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், கூட வரும் பையன்கள் நாளைக்கு வராமல் போனால் ஏன் என்று அதட்ட முடியாது, கட்சிச் சின்னம்கூட இல்லாத தேர்தல் அது. அந்த நிலையிலும் முப்பது பேர் காலையில் ஆறு மணிக்கு வந்து அத்தை வீட்டு வாசலில் நின்றார்கள் என்றால் அதற்குக் காரணம் அவர் மட்டும்தான். அதிகாரம் கைக்கு வருவதற்கு முன்னால் ஒருவர் பின்னால் யார் நடக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், அவர் தலைவரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் காமராஜர் ஞாபகம் வரும். விருதுநகர்க்காரன் என்பதால் மட்டுமில்லை. 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது அவர் சட்டசபை உறுப்பினர் கிடையாது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயித்த நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்கு முன்னால் இருந்த ராஜாஜி 1952இல் கவர்னர் நியமனம் வழியாக மேலவைக்கு வந்து முதலமைச்சரானவர், அந்த வழி திறந்துதான் கிடந்தது. காமராஜர் அதை விட்டுவிட்டு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். பிறந்த ஊர் எங்கே, வட ஆற்காட்டில் இருக்கிற குடியாத்தம் எங்கே. நாற்காலியில் உட்கார்ந்த பிறகும், தெரியாத ஊரில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று இறங்கினார் பாருங்கள், எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான். கம்யூனிஸ்ட் வேட்பாளரை எதிர்த்து அவர் ஜெயித்தபோது பெரியாரும், காங்கிரஸை எதிர்த்துவந்த தி.மு.க.வும்கூட அவரை ஆதரித்தார்கள்.

1967இல் அதே காமராஜர் சொந்த ஊரில் தோற்றார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம், 1285 வாக்கில். எங்கள் தாத்தா விருதுநகரில் பருப்பு மில்லில் வேலை பார்த்தவர், அந்தத் தேர்தலில் காமராஜருக்குப் போடாதவர்களில் ஒருவர். "அரிசிக்குப் போட்டேன்யா" என்பார், அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். அரிசிக்கு அல்லாடிய வருஷம் அது, ரூபாய்க்கு மூன்று படி என்று தி.மு.க. சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் கட்டினார், மதியச் சோறு போட்டார், அணை கட்டினார், எல்லாம் தாத்தாவுக்குத் தெரியும், ஆனாலும் அன்றைக்கு வீட்டில் உலை வைக்க அரிசி வேண்டும். முன்னால் செய்ததைச் சொல்லி இன்றைய குறையை அடைக்க முடியாது என்பதை நான் தாத்தாவின் அந்தக் குரலிலிருந்துதான் புரிந்துகொண்டேன். தோற்றவர் வீட்டோடு முடங்கிவிடவும் இல்லை. இரண்டு வருஷத்தில், 1969 ஜனவரியில், நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்று லட்சம் வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சரி, அத்தைக்கு வருகிறேன். 2020 ஜனவரி 2ஆம் தேதி எண்ணினார்கள். வாக்குச்சீட்டு என்பதால் நள்ளிரவு தாண்டியும் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். அத்தை 38 ஓட்டில் தோற்றார். வேனில் திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டுத் தலையில் ஈரத் துண்டோடு வந்து என்னை எழுப்பினார். தெருத் தெருவாகப் போய் நன்றி சொல்ல வேண்டுமாம். என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது, நான் வரவில்லை அத்தை என்றேன். "கேக்கப் போன வாசலுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லணும்ல" என்றார். போனோம். போடாதவர்கள் வீட்டுக்கும் போனோம், அங்கே நிற்கத்தான் கஷ்டமாக இருந்தது. கீழத் தெருப் பாட்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அவர் யாருக்குப் போட்டார் என்று எங்களுக்குத் தெரியாது, அத்தை கேட்கவும் இல்லை.

திருப்பூர் திரும்பிய முதல் வாரம், காலை பெல் அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போய் லைனில் ஒவ்வொரு மெஷினாக நின்று பேச ஆரம்பித்தேன். அதற்கு முன்பு வரை உற்பத்தி குறைந்தால் பெயரைச் சொல்லிக் கத்துவதுதான் எனக்குத் தெரிந்த நிர்வாகம், ஷிப்மென்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு நல்ல டெய்லர் என் கத்தலைத் தாங்காமல் வேலையை விட்டே போயிருக்கிறார், அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நான் அடிக்கடி திட்டிய ஓவர்லாக் அக்கா ஒருவர், தயங்கித் தயங்கி, "நூல் அறுந்துக்கிட்டே இருக்குங்க சார், நாலு தடவை சொல்லிட்டேன்" என்றார். மெக்கானிக்கைக் கூட்டி வந்து பிரித்துப் பார்த்தால் லூப்பரில், அதாவது நூலை வளைத்துக் கொடுக்கும் கொக்கியில், மயிரிழை அளவுக்கு ஒரு சிராய்ப்பு. மாற்றப் பத்து நிமிஷம் ஆனது. ஒரு மாதமாக அவர் ஒவ்வொரு பீஸுக்கும் நூல் கோர்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் தூரத்தில் நின்று கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தை எழுதிய நோட்டுகள் மொத்தம் இரண்டு. பொங்கல் கழிந்ததும் அவற்றை ஒரு துணிப்பையில் போட்டு, ஜெயித்த பெண்ணின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எனக்கு ஆறவே இல்லை, போனில் சண்டை போட்டேன், பத்து நாள் அலைந்து எழுதியதைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே என்று. "தண்ணி நம்ம பேருக்கா வரணும்? வந்தாச் சரி" என்றார். கீழத் தெருவுக்குப் புதுக் குழாய் போட ஒன்றரை வருஷம் ஆனது. நோட்டைப் பார்த்துத்தான் போட்டார்களா என்று அத்தை விசாரிக்கவில்லை.

2025 ஜனவரியோடு அந்தத் தலைவர்களின் பதவிக்காலமும் முடிந்து மறுபடி தனி அலுவலர் கைக்குப் போனது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அடுத்த தடவை நிற்பீர்களா அத்தை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே புது நோட்டு ஒன்று இருந்தது, முதல் நாலு பக்கம் ஏற்கெனவே எழுதியிருந்தது.