புரிஞ்சுதா? புரிஞ்சுது சார்!

இயற்பியல் வாத்தியார் வேலையில் தினமும் கேட்டுப் பழகிய பொய் ஒன்று உண்டு. "புரிஞ்சுதா?" என்றால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்னும். தூங்கி வழிகிறவனும் சேர்ந்து சொல்வான். அவன் குரல்தான் எல்லாரையும் விடக் கணீரென்று கேட்கும்.

அதனால்தான் ஓட்டுப்போடும் செயலியை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். கேள்வி திரையில் வரும், பிள்ளைகள் அவரவர் போனில் விடையைத் தட்டுவார்கள், எந்த விடைக்கு எத்தனை ஓட்டு என்று பட்டைகள் எழும்பும். முதல் கேள்வி: மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், எவ்வளவு? முந்தின வகுப்பில்தான் நடத்தி "புரிஞ்சுது சார்" வாங்கியிருந்தேன். 'பூஜ்யம்' என்ற பட்டை விறுவிறுவென்று வளர்ந்தது. கீழ்நோக்கி 9.8 என்ற சரியான விடைக்கு மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டு.

இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடத்தான் நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-லேயே தொடங்கிய முறை இது: தனியாக ஒரு ஓட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாக்குவாதம், அப்புறம் மறு ஓட்டு. சரியாகச் சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் வாக்குவாதம் பலன் தரும் என்பது அவர் கணக்கு. நாங்கள் மயிரிழையில் தேறினோம்.

வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. "வேகம்தான் பூஜ்யம்டா. முடுக்கமும் பூஜ்யம்னா பந்து அங்கேயே தொங்கிட்டுல்ல இருக்கணும்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் நான் எழுதித் தள்ளியதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான். மறு ஓட்டில் பட்டைகள் இடம் மாறின.

போட்டி வினாடி வினா வைத்த அன்றுதான் வினை வந்தது. இஷ்டப்பட்ட பெயரில் சேரலாம் என்பது அதில் வசதி. 'துறைத்தலைவர்' என்ற பெயரில் ஒரு மகான் சேர்ந்திருந்தான். நிஜத் துறைத்தலைவர் வகுப்பைப் பார்வையிட வந்து உட்கார்ந்தபோது மதிப்பெண் பட்டியலில் 'துறைத்தலைவர்' கடைசி இடம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இடம் மாறவில்லை. வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு என்றால் கேள்வியைப் படிக்காமலே தட்டுவார்கள். கடிகாரம் ஓடுகிற போட்டியெல்லாம் என்னைப் பொறுத்தவரை வருஷக் கடைசிக் கொண்டாட்டத்துக்குத்தான் சரி.

பிள்ளைகள் போனில் இணையம் படுத்துவிடும் நாளுக்கு ப்ளிக்கர்ஸ் அட்டை. ஆளுக்கொரு அட்டை, அதில் ஆளுக்கொரு விதமான கட்ட வடிவம், நாலு பக்கமும் A, B, C, D. எந்த எழுத்து மேலே இருக்கும்படி பிடிக்கிறார்களோ அதுதான் விடை. பிள்ளைகளுக்குப் போனே வேண்டாம், வாத்தியார் தன் போன் கேமராவால் வகுப்பை ஒரு சுற்று சுற்றினால் போதும். மின்விசிறியும் நின்ற ஒரு மதியம், முன் வரிசைப் பெண் அட்டையாலேயே விசிறிக்கொண்டிருந்தாள். அவள் விடை கேமராவில் மாறி மாறிப் பதிவானது. கொள்கையில் உறுதி வேண்டாமா?

இவ்வளவையும் பார்த்தபிறகும் துறைத்தலைவர் ஆசிரியர் கூட்டத்தில் இந்தச் செயலி ஓட்டை வைக்கச் சொன்னார். கேள்வி: 'இன்றைய கூட்டம் பற்றி ஒரே சொல்'. விடைகள் சொல் மேகமாகத் திரையில் வரும்; நிறைய பேர் எழுதிய சொல் பெரிதாகத் தெரியும். பெயர் தெரியாது என்றதும் எல்லாருக்கும் வீரம் வந்துவிட்டது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'பயனுள்ளது'. அது யாரென்று எல்லாருக்குமே தெரியும். நடுவில், திரையை அடைத்துக்கொண்டு, 'பசி'.

துறைத்தலைவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவை பேரும் தெரியற மாதிரி வைக்க முடியுமா?" என்றார்.

"தாராளமா முடியும் சார், ஒரு பொத்தான்தான்" என்று நான் விளக்க ஆரம்பித்ததும், பக்கத்து நாற்காலிக்காரர் என் காலை ஓங்கி மிதித்தார்.