பத்தாயத்துக் கணக்கு

ஊர் வீட்டில் நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயத்தை இன்று ஆசாரி பிரித்துக்கொண்டிருந்தபோது, உட்பலகையில் வரிசை வரிசையாகக் கரிக்கோடுகள் தெரிந்தன.

அப்பாயியின் கணக்கு அது.

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அவர், பன்னிரண்டு மரக்கால் அளந்ததும் ஒரு கலம் என்று ஒரு கோடு இழுப்பார். கோட்டின் தலையில் சுழி இருந்தால் அது கடனாகப் போன நெல். திரும்பி வந்ததும் குறுக்கே ஒரு கீறல் விழும். கீறல் விழாத சுழிகள் நிறையவே இருந்தன. கேட்டு வாங்க அவருக்குக் கூச்சம் என்பார் அப்பா. எனக்கென்னவோ அது கூச்சமாகத் தெரியவில்லை.

1952 நவம்பர் 30 அன்று நாகைப் பக்கம் கரை கடந்து டெல்டாவையே புரட்டிப்போட்ட புயல்தான் அவருடைய ஆண்டுக்கணக்கின் தொடக்கம். பெரியத்தை பிறந்தது புயலுக்கு முன், அப்பா பிறந்தது புயலுக்குப் பின்.

ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்குமா என்பதை வானொலியில் கேட்ட பிறகே விதைநெல்லில் கைவைக்க விடுவார். தண்ணீர் தாமதமானால் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதென்ற முடிவும் அவருடையதே; தாத்தா தலையாட்டுவதோடு சரி.

பட்டா, சிட்டா, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம் எல்லாவற்றிலும் தாத்தா பெயர்தான் இருக்கிறது. எந்த வயலில் எந்த நெல் என்று தீர்மானித்தவரின் பெயரை எழுத அவற்றில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.