கோடை லீவுக்குக் கைவேலைச் சாமான்: எதை மொத்தமாக வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

கடையில் ‘கிராஃப்ட் கிட்’ என்று பெட்டி போட்டு விற்கிறார்களே, அதில் ஒன்றைப் பிரித்துக் கொட்டிப் பாருங்கள். நாலு கலர் தாள், பத்து ஐஸ் குச்சி, சுண்டுவிரல் அளவு பசை ட்யூப், ஒரு சிட்டிகை ஜிகினா. கொடுத்த காசில் பெரும்பங்கு பெட்டிக்கும் அதன் மேல் இருக்கும் படத்துக்கும் போகிறது. படத்தில் உள்ள பொம்மையைச் செய்து முடித்தால் கிட் காலி. அதே காசுக்குச் சாமானாக வாங்கினால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஓடும்.

ஆனால் மொத்த விலை என்றதும் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளக் கூடாது. குழந்தைகள் கையில் நிஜமாகவே கரைவது நாலே சாமான்: தாள், வெள்ளைப் பசை, டேப், அட்டை. இவற்றை மட்டும் மொத்தமாக வாங்குங்கள். ஜிகினா, மணி, ஒட்டும் கண், வெல்வெட் பேப்பர், பைப் கிளீனர் எல்லாம் பாக்கெட் கணக்கில் போதும். பெரும்பாலும் முதல் வாரம்தான் அவற்றுக்கு மவுசு.

முதலில் தாள். வெள்ளைத் தாளுக்கு ஏ4 ரீம்தான் மலிவு. ஒரு ரீம் 500 தாள். ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. அதனால் ரீமின் எடையைப் போட்டாலே தாளின் தரம் தெரிந்துவிடும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. 75 ஜிஎஸ்எம் என்றால் ரீம் 2.34 கிலோ இருக்க வேண்டும். 70 என்றால் 2.19 கிலோ. உறையில் 75 என்று அச்சடித்திருந்தும் சமையலறைத் தராசில் இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில்தான் காட்டுகிறது என்றால், உங்கள் தலையில் கட்டப்பட்டது 65 ஜிஎஸ்எம் தாள். அதில் ஸ்கெட்ச் பேனா அடித்தால் மை பின்பக்கம் ஊறும், வாட்டர் கலர் பட்டால் தாள் அப்பளமாகிவிடும். ஆனால் கிறுக்குவதற்கும் வெட்டி ஒட்டுவதற்கும் 70 போதும். ஓவியத்துக்கு மட்டும் தனியாக 120 ஜிஎஸ்எம் தாளில் ஐம்பது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கலர் தாளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்து நிறம் கலந்த ஏ4 பாக்கெட்டில் சிவப்பும் பச்சையும் முதல் வாரமே தீர்ந்து, ஒரு மாதிரி மங்கலான பழுப்பும் ஊதாவும் வருடக் கணக்கில் கிடக்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒவ்வொன்றிலும் இருபது தாள் எண்ணி வாங்குங்கள். மொத்தக் கடையில் எண்ணிக் கொடுப்பார்கள்.

சார்ட் பேப்பரின் வழக்கமான அளவு 22க்கு 28 அங்குலம். அதை ஏ4 அளவுக்கு வெட்டினால் ஐந்து தாள்தான் தேறும், மிச்சம் வீண். 11க்கு 14 அளவில் நாலாகவோ, 11க்கு 7 அளவில் எட்டாகவோ வெட்டினால் ஒரு துண்டும் மிஞ்சாது. வாழ்த்து அட்டைக்கு 11க்கு 7 கச்சிதம்; நடுவில் மடித்தால் போதும். முகமூடி, காற்றாடி போன்றவற்றுக்கு ஏழு அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். ஒரு சார்ட்டில் பன்னிரண்டு சதுரமும் ஓர் அங்குல அகலத்தில் ஒரு நீளப் பட்டையும் கிடைக்கும். பட்டை காகிதச் சங்கிலிக்கு ஆகும். ஓரிகாமிக்கு மட்டும் சார்ட் வேண்டாம். மடிப்பில் வெடித்து உள்ளே வெள்ளை தெரியும். அதற்கு ஏ4 கலர் தாளை 21 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக்கொள்வதே சரி.

கிளேஸ் பேப்பர், பட்டம் செய்யும் தாள், க்ரீப் பேப்பர் மூன்றும் விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். வெள்ளைத் தாள் மேல் சிவப்பு க்ரீப் பூவை நீர்த்த பசையில் ஒட்டினால் சுற்றிலும் ரோஸ் நிறம் பரவி நிற்கும். இவற்றுக்குக் குச்சிப் பசை, அதாவது உதட்டுச் சாயம் போலச் சுழற்றி எடுப்பது, அதுதான் ஏற்றது.

அடுத்து பசை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபெவிகால் எம்ஆர் அல்லது அதே வகை வெள்ளைப் பசை எதுவானாலும் சரி. சின்ன ட்யூப்களாக வாங்குவதுதான் பெரிய நஷ்டம். அரை கிலோ அல்லது ஒரு கிலோ டப்பாவாக வாங்கி, கழுவிக் காயவைத்த சாஸ் பாட்டில்களில் ஊற்றிக் கொடுங்கள். ஊற்றி வைப்பது பிளாஸ்டிக்கிலோ கண்ணாடியிலோதான் இருக்க வேண்டும். தகர டப்பாவில் வைத்தால் துரு ஏறி பசை பழுப்பாகிவிடும். பாட்டில் மூக்கு அடைக்காமல் இருக்கக் குண்டூசி செருகி வைக்கும் பழக்கத்தால் வரும் கோளாறும் இதுவே. முதல் பத்து சொட்டு காவி நிறத்தில் வரும். ஊசிக்குப் பதில் ஈர்க்குச்சி செருகுங்கள். மேலே ஆடை கட்டியிருந்தால் அதைக் கலக்கிவிடாமல் எடுத்து எறியுங்கள். கலக்கினால் கட்டி கட்டியாக நின்று மூக்கை அடைக்கும்.

குழந்தை பாட்டிலை அமுக்கினால் தேவைக்கு நாலு மடங்கு கொட்டும். தாள் சுருங்குவதும் நெளிவதும் அதனால்தான்; பசையில் இருக்கும் தண்ணீரைக் குடித்துத் தாள் உப்புகிறது. ஒரு பாட்டில் மூடியில் பசையைக் கொஞ்சம் ஊற்றி, தொட்டுத் தடவ ஐஸ் குச்சியைக் கொடுத்துவிட்டால் செலவு சட்டென்று குறையும்.

காகிதக்கூழ், பலூன் மேல் தாள் ஒட்டி முகமூடி செய்வது போன்ற பெரிய வேலைகளுக்குக் கடைப் பசை கட்டுப்படியாகாது. மைதா பசை காய்ச்சுங்கள். ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, கொதிக்கும் நாலு கப் தண்ணீரில் ஊற்றி, சிறுதீயில் மூன்று நாலு நிமிடம் கிளறினால் வெள்ளை மங்கி, கண்ணாடி போல் பளபளக்கும். அதுதான் பதம். அதற்கு முன்னே இறக்கினால் காய்ந்த பிறகு மாவாக உதிரும். மே மாத வெயிலில் வெளியே வைத்தால் மறுநாளே புளித்துவிடும். ஃபிரிஜ்ஜில் நாலு நாள் தாங்கும். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம். குழந்தைகள் கை வைக்கும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. செய்த பொருளை நன்றாகக் காயவைத்து மேலே வெள்ளைப் பசையை ஒருகை பூசினால் பூச்சித் தொல்லை பெருமளவு குறையும்.

கூழுக்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்து இரவெல்லாம் ஊறவைத்து, பிழிந்து, அரைத்து, ஊறவைத்து அரைத்த வெந்தயமும் சேர்ப்பது நம் ஊர்ப் பாட்டிமார் கூடை செய்த முறை. வெந்தயத்தின் கொழகொழப்பு பிடிமானம் தரும், பூச்சிக்கும் அதன் கசப்பு ஆகாது. வழவழப்பான பத்திரிகைத் தாள் இதற்கு ஆகாது; லேசில் ஊறாது. மிக்சியில் ஒரேயடியாகப் போட்டு மோட்டாரைப் புகைய விடாதீர்கள். ஒரு கைப்பிடிக் கூழுக்கு முக்கால் ஜார் தண்ணீர் ஊற்றி அரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும்.

தெர்மாகோல் ஒட்ட ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசையை எடுக்காதீர்கள். அதில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்று குழியாக்கிவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படியே. வெள்ளைப் பசையே போதும், ஆனால் இரண்டு தெர்மாகோலுக்கு நடுவே தண்ணீர் வெளியேற வழி இல்லாததால் காய ஒரு நாள் ஆகும். அதுவரை பல்குத்தும் குச்சி செருகி நிறுத்துங்கள்.

சொல்லப்போனால் தெர்மாகோலே தேவையில்லை. அட்டைப்பெட்டி இருக்கிறது, அதுவும் இனாமாக. மளிகைக் கடைப் பெட்டியைவிட மருந்துக் கடைப் பெட்டி சுத்தம். மளிகைப் பெட்டியின் மடிப்புகளில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், ஒரு நாள் வெயிலில் காட்டாமல் வீட்டுக்குள் சேர்க்க வேண்டாம். அட்டையின் உள்ளே ஓடும் வரிகளின் திசையைப் பார்த்து மடியுங்கள். வரியோடு மடித்தால் நேராக வரும், குறுக்கே மடித்தால் நசுங்கிக் கோணும். குறுக்கே மடித்தே ஆக வேண்டுமென்றால் ஸ்கேல் வைத்து, எழுதாத பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடிக்க வேண்டும். வெட்டுவது பெரியவர் வேலை. குழந்தைக் கத்தரியால் அட்டையை வெட்டவிட்டால் கத்தரியும் போகும், கட்டைவிரலும் கொப்பளிக்கும்.

இனாமில் வருவதில் கல்யாணப் பத்திரிகைக்கு ஈடே கிடையாது. தடித்த தாள், தங்க அச்சு, சில சமயம் பட்டு நூல், குஞ்சம் எல்லாம் சேர்ந்தே வரும். தினசரி காலண்டரின் பின்னட்டை, படம் ஒட்டிக் காட்சிக்கு வைக்க உறுதியானது. தையல்காரரிடம் வெட்டுத்துணி, அச்சகத்தில் ஓரம் வெட்டிய தாள்பட்டைகள் கேட்டுப் பாருங்கள். கட்டாகக் கிடைத்தால் வருடம் முழுக்கக் காகிதச் சங்கிலிதான்.

டேப் வாங்கும்போது வெளி அகலத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே இருக்கும் அட்டை வளையம் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். விலை குறைந்த டேப்பில் வளையம்தான் பெரிது, டேப் பத்து சுற்று. உறையில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கை விலையால் வகுத்துப் பார்ப்பதே சரி. குழந்தைகளுக்குப் பளபள டேப்பைவிட மாஸ்கிங் டேப் நல்லது. கையால் கிழியும், மேலே கலர் பூசலாம், தப்பாக ஒட்டினால் தாள் கிழியாமல் உரிக்கலாம்.

கலரில் பன்னிரண்டு குப்பி போஸ்டர் கலர் செட் வாங்கினால் வெள்ளை மட்டும் முதலில் தீரும். வெள்ளையைப் பெரிய பாட்டிலாகவும், சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பை நடுத்தர அளவிலும் வாங்கினால் மற்றவை கலந்தே வந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டில் மேல் போஸ்டர் கலர் செதில் செதிலாக உதிரும்; கால் பங்கு வெள்ளைப் பசை கலந்தால் பிடிக்கும். அக்ரிலிக் நன்றாகவே பிடிக்கும், சட்டையிலும்தான். காய்ந்த ஸ்கெட்ச் பேனாவைத் தூக்கி எறிவதற்கு முன் பின்மூடியைக் கழற்றி இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடி, முனை கீழே இருக்கும்படி ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். பல பேனாக்கள் மீண்டும் எழுதும்.

ஜிகினாவுக்குப் பதில் கலர் ரவை. அரை கப் ரவையில் கேசரிப் பவுடரைச் சில சொட்டுத் தண்ணீரில் கரைத்துப் பிசறி, நிழலில் உலர்த்தினால் ஆயிற்று. கல் உப்பும் அழகுதான், ஆனால் சென்னைக் காற்றின் ஈரத்தில் ஒரே வாரத்தில் கசிந்து படத்தைக் கெடுக்கும்.

மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில், தண்ணீர் பாட்டில் மூடியைவிடச் சின்னதான எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. தண்ணீரில் ஊதிப் பெருக்கும் ஜெல்லி பந்துகளை எந்த வயதுக்கும் வாங்காதீர்கள். விழுங்கினால் குடலுக்குள்ளும் அப்படியே ஊதும். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கும் குன்றிமணியும் கைவேலைப் பெட்டியில் சேரக் கூடாது. அதன் பருப்பு கொடிய விஷம்; மாலை கோக்கத் துளையிட்டாலோ மென்றாலோ ஆபத்து. சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்றால் புளியங்கொட்டைக்கு வண்ணம் பூசிக்கொள்ளலாம்.

களிமண்ணை விநாயகர் சதுர்த்தி வாரத்தில் குயவரிடமே வாங்குவது சல்லிசு. ஈரத்துணி சுற்றி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வைத்தால் கோடை வரை கூடத் தாங்கும், துணி காயாமல் பார்த்துக்கொண்டால். செய்த பொம்மையை வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடிக்கும். நிழலில் இரண்டு மூன்று நாள் ஆறட்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனைதான் இடம். தாளுக்கும் நோட்டுக்கும் ஆண்டர்சன் தெரு, பந்தர் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடைகள் ஆண்டர்சன் தெருவில் வரிசையாக இருக்கின்றன. பழைய மாடல் அட்டைகளும் ஜோடி சேராத உறைகளும் மலிவாகத் தருவீர்களா என்று கேட்பதில் தப்பில்லை. ஃபேன்சி சாமானுக்கு ஈவ்னிங் பஜார் பக்கம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். மெட்ரோவில் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கி நடப்பது நிம்மதி. ஞாயிறு பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சில கடைகளில் குரோஸ் கணக்கில்தான் கொடுப்பார்கள், அதாவது 144. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டால் அதுவும் கையைக் கடிக்காது.

சார்ட்டை மடித்து வாங்காதீர்கள், சுருட்டச் சொல்லுங்கள். ரப்பர் பேண்ட் ஓரத்தை அறுக்கும், வெயிலில் இளகித் தாளோடு ஒட்டியும் விடும். நூலால் கட்டினால் போதும். வீட்டுக்கு வந்ததும் எதிர்ப்பக்கமாக ஒருமுறை தளர்வாகச் சுருட்டிப் பிரித்து, மெத்தைக்கு அடியில் இரண்டு நாள் போட்டால் தட்டையாகிவிடும்.